ராமநாதபுரம் கடற்கரையில் போட்டோ எடுப்பவர்களுக்கு: கேமரா முதல் பிரிண்ட் விற்பனை வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரை வடகடல். அங்கிருந்து திரும்பினால் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று தென்கடல். இந்தக் கரையில்தான் நான் பல வருஷமாகப் படம் எடுக்கிறேன், எடுத்ததைப் பிரிண்ட் போட்டு விற்கிறேன். புதிதாகக் கேமரா தூக்கும் தம்பி தங்கைகள் போனில் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் அவசரத்தில் அரைகுறையாகச் சொல்வதைவிட, நிதானமாக எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

புதிதாகத் தொடங்குகிறேன். எந்தக் கேமரா வாங்கலாம்?

கையில் ஏதாவது ஒரு கேமரா இருந்தால் ஒரு வருஷம் அதிலேயே எடுங்கள். இல்லையென்றால் பழையது வாங்குங்கள். 24 மெகாபிக்சல் உள்ள கேமரா பத்து வருஷப் பழசானாலும் சுவரில் மாட்டும் அளவுக்குப் பிரிண்ட் கொடுக்கும். மிச்சமாகும் காசை டிரைபாட், போலரைசர் ஃபில்டர், ஈரம் புகாத பெட்டி மூன்றுக்கும் ஒதுக்குங்கள்.

பழைய லென்ஸ் வாங்கும்போது இரண்டு மூடியையும் கழற்றி, ஒரு பக்கம் போன் டார்ச்சை அடித்து மறுபக்கம் கண்ணை வைத்துப் பாருங்கள். சிலந்தி நூல் போல ஏதாவது தெரிந்தால் பூஞ்சை. எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். துடைத்தாலும் கண்ணாடிப் பூச்சில் அது அரித்த தடம் போகாது, நம் ஊர் ஈரத்தில் திரும்ப வளரவும் செய்யும். ஃபோகஸ் வளையத்தைக் காதருகில் வைத்துத் திருப்புங்கள். கரகரவென்றால் மணல் போயிருக்கிறது. கேமராவைச் சோதிக்க லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப்/16-இல் வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும், சென்சாரில் உள்ள அழுக்கெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிந்துவிடும்.

லென்ஸ் விஷயத்தில் 35 அல்லது 50 மில்லிமீட்டர் ஒன்று இருந்தால் கரையில் பாதி வேலை முடியும். பறவை எடுக்க ஆசையென்றால் 300, 400 வரை போகும் ஜூம் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

உப்புக் காற்றில் கேமரா கெட்டுப்போகாமல் இருக்க என்ன செய்வது?

தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு லென்ஸ் முன்னாலிருக்கும் ஃபில்டரை விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று இருக்கும். அந்த விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம் லென்ஸ் மேல் மட்டுமல்ல, பட்டன் இடுக்கு, பேட்டரி மூடி, டிரைபாட் திருகு என்று எல்லா இடத்திலும் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அலுப்பாகத்தான் இருக்கும். பரவாயில்லை, சாப்பிடும் முன்னால் கேமராவைப் பாருங்கள்.

முதலில் ஊதி. ரப்பர் ஊதியால் மணலை வெளியே தள்ளாமல் துணி வைத்தீர்கள் என்றால், மணல்தான் கண்ணாடியைக் கீறும். அப்புறம் மெல்லிய பிரஷ். அதன் பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்த பருத்தித் துணியால் கேமராவின் உடம்பு முழுக்க ஒற்றி எடுங்கள். உப்பு தண்ணீரில்தான் கரையும், காய்ந்த துணியால் துடைத்தால் இடம்தான் மாறும். கடைசியாகக் காய்ந்த துணி, மின்விசிறிக் காற்று.

டிரைபாடைக் குளியலறைக்குக் கொண்டுபோய்க் கால்களை முழுக்க நீட்டி நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். நான் முதலில் வாங்கிய டிரைபாடை வெளியே மட்டும் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே திருகில் உப்பு பூத்து இரண்டு கால்கள் நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் இறுகிவிட்டன. மாதம் ஒருமுறை திருகுகளைக் கழற்றிக் கழுவியிருந்தால் இன்னும் உழைத்திருக்கும்.

கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் நாளில் மணலில் நின்று லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு மாற்றுங்கள், அல்லது ஒரே லென்ஸோடு போய் ஒரே லென்ஸோடு திரும்புங்கள். ஏசி அறையில் தங்குபவர்கள் விடிகாலையில் கேமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும். ஜிப் மூடிய பைக்குள்ளேயே அரை மணி நேரம் வெளிக்காற்றில் வைத்துவிட்டுப் பிறகு திறங்கள்.

சேமிக்க, ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரப்பத மானியும் போதும். உள்ளே 40 முதல் 50 சதவீதம் இருக்கட்டும். சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் வாணலியில் சிறு தீயில் வறுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். சமையல் வாணலி வேண்டாம், அதற்கென்று ஒரு பழைய சட்டியை ஒதுக்குங்கள். அரிசிக்குள் கேமராவைப் புதைக்க வேண்டாம், மாவுத்தூள் உள்ளே போகும்.

அலை அடித்து நனைந்தேவிட்டதா? பேட்டரியைக் கழற்றுங்கள். ஒருமுறை ஆன் செய்து பார்ப்போமே என்ற ஆசை வரும். அந்த ஒருமுறையில்தான் போர்டு போகும்.

எந்த மாதம் நல்லது?

எந்தக் கடல் என்பதைப் பொறுத்தது. ராமேஸ்வரத்தில் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்பார்கள், தெற்கே இருப்பதை ஆண் கடல் என்பார்கள். வைகாசி முதல் ஆவணி, புரட்டாசி வரை கச்சான் காற்றில் தென்கடல் கலங்கிக் கொந்தளிக்கும். அலை எடுக்க அதுதான் காலம், தெளிந்த தண்ணீர் எடுக்க அல்ல. அந்த நேரம் வடகடல் குளம் மாதிரி கிடக்கும். வாடை (வடகிழக்குக் காற்று) தொடங்கினால் கதை தலைகீழ். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் அள்ளிக்கொண்டு வரும், ஆனால் மழை உறையும் பொறுமையும் வேண்டும். மாசி, பங்குனியில் மன்னார் வளைகுடா தெளிந்து பச்சையும் நீலமுமாக இருக்கும்.

நான் தவறவிடாத காலம் இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். பலகை மாற்றுவது, பெயிண்ட் அடிப்பது, வலை பொத்துவது என்று துறைமுகமே பட்டறையாகிவிடும். அதே நேரத்தில் வருமானம் இல்லாத மாதங்களும் அவைதான். அதை மனதில் வைத்துக்கொண்டு பழகுங்கள்.

நடுப்பகல் வெயிலில் எடுக்கவே கூடாது என்கிறார்களே?

முகத்துக்கும் கோபுரத்துக்கும் அது சரி. கடலின் நிறத்துக்குச் சரியல்ல. சூரியன் உச்சிக்கு வந்தால்தான் வெளிச்சம் மணல் தரை வரை இறங்கும். தண்ணீரின் பச்சை, பாசி படர்ந்த கருப்புத் திட்டு, ஆழம் தொடங்கும் கருநீலக் கோடு எல்லாம் காலை 10 மணிக்கு மேல் 2 மணிக்குள்தான் பிரிந்து தெரியும். போலரைசரை மெல்லத் திருப்பிக்கொண்டே பாருங்கள், ஒரு இடத்தில் தண்ணீரின் மேல் பளபளப்பு விலகி அடிமணல் தெரியும். மிக அகலமான லென்ஸில் மட்டும் வானத்தின் ஒரு பக்கம் கருத்து மறுபக்கம் வெளுத்துவிடும், கவனம்.

மணல் சாம்பல் நிறமாக வருகிறது, ஆட்களின் முகம் கரிக்கட்டையாக வருகிறது. ஏன்?

கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சமாக்கத்தான் முயலும். வெள்ளை மணலும் வெள்ளை வானமும் படத்தில் நிறைந்தால், அதிக வெளிச்சம் என்று நினைத்துக் குறைத்துவிடும். வெறும் மணலுக்கு எக்ஸ்போஷர் ஈடு (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1 வரை வைத்து, ஹிஸ்டோகிராம் (திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) வலது சுவரில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாலிநோக்கம் உப்பளத்தில் குவித்து வைத்த உப்புக்கும் இதே கணக்குதான்.

முகத்துக்கு ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சின்ன இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது) வைத்து கன்னத்தில் அளவெடுங்கள். சூரியனை அவர்கள் முதுகுக்குப் பின்னால் விடுங்கள். கீழே உள்ள வெள்ளை மணல் வெளிச்சத்தைத் தூக்கி முகத்தில் அடிக்கும். ஸ்டூடியோக்காரர் தெர்மாகோல் பிடித்துச் செய்யும் வேலையைக் கரை சும்மாவே செய்கிறது.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பிரிண்டுக்குக் கொடுக்கும்போது, நாம் கேட்காமலே தோலை வெளுப்பாக்கித் தரும் பழக்கம் உண்டு. ராமேஸ்வரம் தீவின் ஓலைக்குடாவில் பாசி எடுக்கும் ஒரு அக்காவின் படத்தை ஒரு லேப் அப்படித்தான் மாவு பூசினாற்போல் ஆக்கித் தந்தது. வெயிலும் உப்பும் ஏறிய அந்த முகத்தின் நிறம்தான் அந்தப் படமே. "கலர் கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம், அனுப்பினது அப்படியே வரணும்" என்று ஒவ்வொரு முறையும் எழுதிக் கொடுங்கள்.

தனுஷ்கோடியில் சூரிய உதயம் எடுக்க எத்தனை மணிக்குப் போகணும்?

உதயம் ஜூன் தொடக்கத்தில் 6 மணிக்குச் சற்று முன்னும், ஜனவரி கடைசியில் 6.35-ஐ ஒட்டியும் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தென்கிழக்கே ஆண் கடல் பக்கமும், ஜூனில் வடகிழக்கே பெண் கடல் பக்கமும் எழும். அதை வைத்து எந்தக் கரையில் நிற்பது என்று முடிவு செய்யுங்கள். வாகனங்களை இருட்டில் விடமாட்டார்கள், மாலையும் இருட்டும் முன் திரும்பிவிட வேண்டும். நேரம் அவ்வப்போது மாறுவதால் முந்தைய நாளே சோதனைச் சாவடியில் கேட்டுக்கொள்ளுங்கள். உதயத்துக்குப் போய்ச் சேர முடியாவிட்டால் ராமேஸ்வரத்தில் சங்குமால் கரையும் கிழக்கு பார்த்ததுதான், படத்தில் வைக்க வள்ளங்களும் (நாட்டுப் படகுகள்) கிடைக்கும்.

இடிந்த சர்ச்சையும் ரயில் நிலையத்தையும் எல்லோரும் எடுக்கிறார்கள், நீங்களும் எடுங்கள். 1964 டிசம்பர் புயலில் ஒரே இரவில் ஊரே போன இடம் அது. அந்தச் சுவர் மேல் ஏறி நின்று போஸ் கொடுக்கும் கல்யாண ஜோடிகளை நான் எடுப்பதில்லை. சுவர் பவளக்கல், ஏற ஏற உதிரும்.

பாம்பன் பாலம்?

1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் படங்களுக்கு இன்னும் கிராக்கி இருக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். கப்பல் கடக்கும் நாள் கிடைத்தால் டிரைபாடில் வைத்து, இறங்கியிருக்கும்போது ஒன்று, ஏறியபின் ஒன்று என்று அசையாமல் எடுங்கள். இரண்டையும் ஜோடியாக விற்கலாம். ரோட்டுப் பாலத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். கீழே பாம்பன் கரையிலிருந்து வள்ளங்களை முன்னால் வைத்து எடுப்பது இன்னும் நன்றாக வரும்.

பூநாரை (ஃபிளமிங்கோ) எடுக்க?

பனிக்காலம், ஏறக்குறைய டிசம்பரிலிருந்து மார்ச் வரை, கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தேங்கு நீரில். 2025-இல் அரசு அந்தப் பகுதியைப் பெரும் பூநாரை சரணாலயமாக அறிவித்துவிட்டது. பறப்பதை எடுக்க ஷட்டர் வேகம் 1/2000 நொடி வேண்டும். ஆனால் படத்துக்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், கைதட்டி, கல்லெறிந்து. எத்தனையோ தூரம் பறந்து வந்து இரை தேடும் பறவை அது. தலையைத் தூக்கிப் பார்க்கத் தொடங்கினாலே நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். தலை தண்ணீருக்குள் இருக்கும் பூநாரைதான் நிம்மதியான பூநாரை.

ட்ரோன் பறக்க விடலாமா? தீவுகளுக்குப் போகலாமா?

இலங்கைக் கடல் எல்லை பக்கத்தில், உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத் தளம், பாலம், கோயில். ட்ரோன் விதிகள் 2021-இன்படி அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் இடம் எந்த நிற மண்டலம் என்று பார்க்காமல், அனுமதி வாங்காமல் மேலே ஏற்றாதீர்கள். சின்ன ட்ரோன்தானே என்பது இங்கே செல்லாது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் காலே வைக்க முடியாது. படகிலிருந்து எடுக்க விரும்பினால் தொண்டிப் பக்கம் காரங்காட்டில் ஊர் மக்களோடு சேர்ந்து வனத்துறை நடத்தும் அலையாத்திக் காட்டுப் படகுச் சவாரி இருக்கிறது. காலைச் சவாரிக்குப் போங்கள்.

மீனவர்களையும் பக்தர்களையும் கேட்காமல் எடுக்கலாமா?

அக்னி தீர்த்தத்திலும் தேவிபட்டினத்திலும் சேதுக்கரையிலும் ஆடி, தை அமாவாசைக்கு வருபவர்களில் பலர் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ திதி கொடுக்க வந்தவர்கள். ஈரத்துணியோடு நிற்கும் பெண்கள் இருப்பார்கள். அங்கே நான் கேமராவைக் கீழே வைத்துவிடுவேன். பிண்டம் வைத்த இலை அலையில் போவதை எடுக்கலாம், அழும் முகத்தை வேண்டாம்.

மீன்பிடி ஊர்களில் முதல் நாள் கேமராவை வெளியே எடுக்காமல் டீக்கடையில் உட்காருங்கள். "அண்ணே, வலை வேலை நடக்குதே, கொஞ்சம் படம் எடுத்துக்கவா?" என்று கேட்டால் பெரும்பாலும் தலையாட்டுவார்கள். எடுத்ததில் ஒன்றை 6க்கு 8 பிரிண்ட் போட்டு அடுத்த முறை கொண்டுபோய்க் கொடுங்கள். விற்பதற்கு முன்னால் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும் அந்தப் பிரிண்ட். விற்கப்போகிறேன் என்றும் அப்போதே சொல்லிவிடுங்கள், விளம்பரத்துக்கு என்றால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

கொடுக்கப் போனதால் எனக்குக் கிடைத்த ஒன்று. வடகடலில் எடுத்த ஒரு படத்துக்கு "வாடைக் காலம்" என்று தலைப்பு வைத்திருந்தேன். படத்தில் இருந்த பெரியவர் பிரிண்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, தன் முகத்தைவிட்டு ஓரத்திலிருந்த தண்ணீரைக் காட்டினார். "தம்பி, வாடையில இங்க இப்படித் தண்ணி சப்பையாக் கெடக்காது. இது கச்சான் நாளு." தேதியைப் பார்த்தேன், ஆடி மாதம். தலைப்பை மாற்றினேன். அன்றிலிருந்து எந்தப் படத்தின் குறிப்பையும் கரையில் யாரிடமாவது படித்துக் காட்டாமல் பிரிண்டின் பின்னால் ஒட்டுவதில்லை. இந்தக் கரையைத் தெரிந்த ஒருவர் வாங்கினால், முதலில் அந்தக் குறிப்பைத்தான் படிப்பார்.

எவ்வளவு பெரிய பிரிண்ட் போடலாம்?

24 மெகாபிக்சல் படம் 6000க்கு 4000. அதை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வகுத்தால் 20க்கு 13 அங்குலம். கையில் வைத்துப் பார்க்கும் பிரிண்டுக்கு இந்தக் கணக்கு. சுவரில் தள்ளி நின்று பார்ப்பதற்கு 200 புள்ளி போதும், அப்போது 30க்கு 20 வரை தாராளமாகப் போகலாம். கேமரா படம் 3க்கு 2 விகிதம் என்பதால் 8க்கு 12, 12க்கு 18 போட்டால் எதுவும் வெட்டுப்படாது. 8க்கு 10 கேட்டால் ஓரம் போகும், முதலிலேயே வாங்குபவரிடம் காட்டிவிடுங்கள்.

பிரிண்ட் கறுப்பாக வருகிறது என்று வருத்தப்படுபவர்களின் கம்ப்யூட்டர் திரை பெரும்பாலும் முழு வெளிச்சத்தில் இருக்கும். திரையைக் குறைத்து வைத்துத் திருத்துங்கள், முதலில் சின்னதாக ஒரு சோதனைப் பிரிண்ட் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். லேப் வேறு ஏதும் சொல்லாவிட்டால் எஸ்ஆர்ஜிபி (sRGB, பொதுவாகத் திரைகள் பயன்படுத்தும் நிற அளவு) நிறவெளியில் கொடுங்கள். காகிதத்தில் கடல் படங்களுக்கு லஸ்டர் (பாதிப் பளபளப்பு), பழைய சுவர், முகம், கருவாட்டுக் களம் போன்றவற்றுக்கு மேட் (பளபளப்பு இல்லாதது). பளபளக்கும் கிளாஸி காகிதம் ஜன்னல் எதிரே மாட்டினால் ஜன்னலைத்தான் காட்டும்.

என்ன விலை வைப்பது?

12க்கு 18 ஒன்றுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். பிரிண்ட் 400, மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) 250, பேக்கிங் 150, ஆக 800 ரூபாய். கெட்டுப்போகும் பிரிண்டுகளுக்கு 100 சேர்த்தால் 900. 2500-க்கு நேரடியாக விற்றால் 1600 கையில். கடையிலோ ஓட்டலிலோ வைத்து அவர்கள் 40 சதவீதம் எடுத்தால் உங்களுக்கு வருவது 1500, மிச்சம் 600. பெட்ரோல், கேமரா தேய்மானம், விடிகாலை எழுந்தது எல்லாம் அந்த 600-க்குள்தான். ஆயிரம் ரூபாய்க்குக் கொடுத்துவிடலாமே என்று நினைப்பவர்கள் இந்த வரியைத் திரும்பப் படியுங்கள். நேரடி விலையும் கடை விலையும் ஒன்றாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் கடைக்காரர் அடுத்த முறை இடம் தரமாட்டார்.

25 பிரிண்டுக்கு மேல் போடமாட்டேன் என்று எண் எழுதி விற்றால் 26-வது கூடாது, வேறு அளவிலும் கூடாது. ஜிஎஸ்டி பற்றி, குறிப்பாக வெளிமாநிலத்துக்கு அனுப்பினால், ஒரு கணக்காளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

யார் வாங்குகிறார்கள்?

நான் நினைத்தது சுற்றுலாக்காரர்கள். உண்மையில் நிலையாக வாங்குபவர்கள் ஊரை விட்டுப் போனவர்கள். துபாயிலும் மலேசியாவிலும் இருக்கும் கீழக்கரைக்காரர்கள் தங்கள் தெருவை, பழைய ஜும்ஆ பள்ளியின் கல்தூணை, உம்மா வீட்டு வாசலைக் கேட்பார்கள். "காக்கா (அண்ணா), எங்க தெரு முனைல இருந்து எடுத்தது இருக்கா?" என்று கேட்டு, இல்லையென்றால் எடுத்துத் தரச் சொல்லி முன்பணம் அனுப்புவார்கள். அதற்கு அடுத்து ராமநாதபுரம், மதுரை டாக்டர்களின் காத்திருப்பு அறைகள். அங்கே அமைதியான வடகடல்தான் போகும், கொந்தளிக்கும் தென்கடல் போகாது.

சொல்லி எடுக்கச் சொன்ன படத்துக்கு உரிமை யாருக்கு?

1957 பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்களாக எடுத்த படம் உங்களுடையது. ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவருடையது. கல்யாணப் படத்தை நீங்கள் பிரிண்ட் போட்டு விற்க முடியாது. அந்தத் தெருமுனைப் படத்தையும் மற்றவர்களுக்கு விற்க நினைத்தால் முன்பணம் வாங்கும்போதே இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

அனுப்புவது, வைத்திருப்பது எப்படி?

12க்கு 18 வரை இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே தட்டையாக, அதற்குமேல் சுருட்டிக் குழாயில். குழாய் மெல்லியதாக இருந்தால் வேண்டாம். ஒருமுறை மூன்று பிரிண்டுகள் நடுவில் மடிந்து போய்ச் சேர்ந்தன, மூன்றையும் என் செலவில் திரும்பப் போட்டேன். இப்போது பிளம்பிங் பிவிசி குழாயை வெட்டிப் பயன்படுத்துகிறேன். ஓட்டை போடாமல் இரு பக்கமும் மூடி, உள்ளே பிரிண்டை பட்டர் காகிதத்தில் சுற்றி வைக்க வேண்டும்.

கரையோர வீட்டில் மாட்டப்போகிறவர்களுக்கு ஃபிரேம் பின்பக்கத்தை டேப் ஒட்டி அடைத்துக் கொடுங்கள், கண்ணாடியும் காகிதமும் ஒட்டாமல் நடுவே மவுண்ட் இருக்கட்டும், ஆணிக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் திருகு கொடுங்கள். கையில் மிச்சமிருக்கும் பிரிண்டுகளைத் தரையோடு வைக்காமல் அலமாரியின் மேல் தட்டில், தட்டையாக, சிலிக்கா ஜெல் பையோடு. ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை, மழை விட்ட பகலில் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் புரட்டி, ஓரங்களில் புள்ளி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.